பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால்

வலைக்கதவின் மேல்கீலில் பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தான் ரஸ்ஸல். உடம்பில் கறுப்புக் கோட்டு, கழுத்தில் டை. சர்ச்சுக்குக் கிளம்ப வேண்டிய நேரம். தேய்த்த இடத்தில் வெந்நீரை ஊற்றிக் கழுவினான். துடைத்தான். கதவை இழுத்துத் திறந்து விட்டான். அது போய்ச் சட்டத்தில் மெத்தென்று ஒட்டிக்கொண்டது. சத்தம் வரவில்லை. கீழ்க்கீலுக்காக முழங்காலிட்டு உட்கார்ந்தான். ஐம்பதைத் தாண்டிய மனிதன், அப்பாவைப் புதைக்கப் போகிற காலையில், ஒரு கதவைக் கிறீச்சிட வைக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்ற அங்க?"

அம்மா நோரீன் உள்ளே நின்றாள். காதில் முத்துத் தோடு, காலில் வீட்டுச் செருப்பு.

"ஒண்ணும் இல்லம்மா. பிசுபிசுன்னு இருக்கு. தொடைக்கிறேன்."

"கோட்டுல படும். எந்திரி. கார் வந்துடும்."

அவள் கதவைப் பார்க்கவில்லை. செருப்பை உதறிவிட்டு ஷூவைத் தேடிப் போனாள்.

சில நாள் முன்புவரை அந்த வீட்டில் எண்ணெய் படாத பொருள் ஒன்று உண்டென்றால் அது அந்தக் கதவுதான். மற்ற எல்லாவற்றையும் அப்பா கீத் ஒரு கை பார்த்துவிட்டார். எதற்கெடுத்தாலும் அந்த ஸ்ப்ரே எண்ணெய் டப்பா, அதில் செருகிய சிவப்புக் குழாய். கொடியில் மாட்டும் கிளிப்பிலிருந்து சர்ச் ஆர்கன் வாத்தியத்தின் மிதிவரை அவர் பீய்ச்சாத இடம் கிடையாது. கதவை மட்டும் நோரீன் தொடவிடவில்லை. ரஸ்ஸல் பியர் குடிக்கப் பழகிய வயதில், திருட்டுத்தனமாக அவன் வீடு திரும்பும் நேரத்தை அந்தச் சத்தம்தான் அவளுக்குச் சொன்னது. அவன் அடிலெய்டு நகரத்துக்குப் போய், கல்யாணம் செய்து, அது முறிந்து, முடி நரைத்த பிறகு, அதே சத்தம் கீத்துக்குக் காவலானது.

கீத்துக்கு எல்லாம் மறந்துகொண்டு வந்தது. வீடு மறந்தது. ஆனால் வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்பது மட்டும் மறக்கவில்லை. கதவைப் பூட்டிப் பார்த்தார்கள். மனுஷன் ஜன்னல் கண்ணாடியில் கையை விட்டுக் கிழித்துக்கொண்டார். அதோடு பூட்டு நின்றது. நோரீன் ஒரு காதை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் படுத்தாள். கதவு கிறீச்சிட்டால் எழுந்து ஓடுவாள். ஆரஞ்சு மரங்களுக்கு நடுவே போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வருவாள். மரங்களைத் தாண்டினால் பாசன வாய்க்கால்.

டப்பாக்களையும் அவள்தான் ஒழித்தாள். எரிகிற அடுப்பில் அவர் பீய்ச்சி, தீ குப்பென்று எழும்பி, புருவம் கருகிப்போனது. வீடு முழுக்கத் தேடி எடுத்துத் தூக்கிப் போட்டாள். ஊரில் உள்ள ஒரே ஹார்டுவேர் கடைக்குப் போய், "இனிமே கீத் வந்து கேட்டா குடுக்காத" என்று கடைக்காரர் டெனிஸிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ரஸ்ஸல் வந்திருந்தபோது நோரீன் சர்ச்சுக்குப் போயிருந்தாள். அப்பா வராந்தாவில் உட்கார்ந்து, வலது கைக் கட்டைவிரலை வெறும் காற்றில் அழுத்திக்கொண்டிருந்தார். அழுத்துவார், உற்றுப் பார்ப்பார், ஒன்றும் நடக்காது. மறுபடி அழுத்துவார். ரஸ்ஸல் எழுந்து காருக்குப் போனான். கார் டிக்கியில் அவனுடைய டப்பா ஒன்று கிடந்தது. எடுத்து வந்து கையில் கொடுத்தான்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அப்பா இருந்தார். அவனுடைய பழைய அப்பா. தள்ளுவண்டிச் சக்கரம், கேட்டுத் தாழ்ப்பாள், கத்தரிக்கோல், தபால் பெட்டி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போனார். கை நடுங்கவே இல்லை. கிளம்பும்போது டப்பா அவருடைய கோட்டுப் பையில் புடைத்துக்கொண்டு நின்றது. திரும்ப வாங்கியிருக்கலாம். அவனுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். அம்மாவிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் திட்டுவாள்.

அந்த வாரமே ஒரு நாள் உறைபனி விழுந்தது. பழத்தைக் காப்பாற்றத் தண்ணீர் திறந்துவிடலாம் என்று பக்கத்துத் தோட்டத்துப் பீனோ விடியும்போது வாய்க்காலுக்குப் போனார். மதகுக் கம்பியில் கீத் சிக்கிக் கிடந்தார். பைஜாமாவுக்கு மேல் டிரெஸ்ஸிங் கவுன். கவுன் பையில் டப்பா. பீனோ ஓடி வந்து கதவைத் தட்டியபோது நோரீன் நல்ல தூக்கத்தில் இருந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான், கதவு கிறீச்சிடாததால், அவள் விடியும்வரை தூங்கினாள்.

வந்து விசாரித்த போலீஸ்காரப் பெண்ணிடம், "எல்லாத்தையும் எடுத்துட்டேன்னு நெனச்சேன். ஒண்ணை விட்டுட்டேன்" என்றாள். போதகரிடமும் அதையே சொன்னாள். போனில் துக்கம் கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். ஒவ்வொரு முறையும் பக்கத்தில் ரஸ்ஸல் இருந்தான். ஒவ்வொரு முறையும் அவன் வாயைத் திறந்து மூடினான். முதல் நாளே சொல்லியிருந்தால் அது ஒரு தவறு. இப்போது அது தவறோடு நின்றுவிடவில்லை, அம்மாவை அத்தனை பேர் முன்னால் பழி சுமக்க விட்ட பாவமும் சேர்ந்துவிட்டது. இன்று எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் காலையில் எழுந்தான். எழுந்தவன் போய்க் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

அடக்கம் முடிந்து ஊரே வீட்டுக்கு வந்தது. சாப்பாட்டு மேஜையில் முட்டை சாண்ட்விச், சாசேஜ் ரோல், தேங்காய்ப்பூ தூவிய லாமிங்டன் கேக். வராந்தாவில் ஐஸ் பெட்டி நிறைய பியர். ஆட்கள் வலைக்கதவைத் திறந்துகொண்டு வருவதும் போவதுமாக இருந்தார்கள். யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று திரும்பிப் பார்த்தால்தான் தெரிந்தது.

சாவு வீட்டில் இரண்டாவது பியருக்குப் பிறகு சிரிப்பு வந்துவிடும். பீனோதான் ஆரம்பித்தார்.

"என் பொண்ணு கல்யாணத்துக்கு மொத நாளு. மாப்பிள்ளை வீட்டு மோதிரத்தைப் போட்டுப் பாக்கறேன்னு போட்டுட்டா. கழட்ட வரல. விரல் வீங்கி சாசேஜ் மாதிரி ஆயிடுச்சு. என் பொண்டாட்டி ஒப்பாரியே வெச்சுட்டா. கீத் வந்தான். ஒரே பீய்ச்சு. மோதிரம் வழுக்கிட்டு ஓடி சோபாவுக்கு அடியில போயிடுச்சு. மறுநாள் சர்ச்சுல அவகிட்ட சென்ட் வாசனையே இல்ல, கராஜ் வாசனைதான்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"என் பேத்தி தலையில சூயிங்கம் ஒட்டினப்பவும் அவன்தான்," என்றாள் பெரில், கீத்தின் அக்கா. "மொட்டை அடிக்கணும்னு எல்லாரும் சொன்னாங்க. இவன் டப்பாவைத் தூக்கிட்டு வந்து நின்னான்."

"முட்டிக்கு அடிச்சுக்குவாரே, அத விட்டுட்டீங்களே," என்றது வேறு ஒரு குரல். "குளிர் வந்துட்டா போதும், பேன்ட்டை மடிச்சு விட்டுட்டு உட்காந்துடுவாரு. டாக்டரம்மா திட்டினதுக்கு, 'கதவுக்கு ஆகுது, காலுக்கு ஆகாதா'ன்னு கேட்டாராம்."

ரஸ்ஸலும் சிரித்துக்கொண்டுதான் நின்றான். ஒவ்வொரு கதையும் அவன் தலையில் ஒரு கல்லைத் தூக்கி வைத்தது. தபால் பெட்டிக்குள் சிலந்தி கூடு கட்டாமல் இருக்க, காருக்கு அடியில் தார் கழுவ, குழந்தைகள் சுவரில் கிறுக்கிய கிரேயானை அழிக்க. டப்பா இல்லாமல் கீத்தைப் பற்றிச் சொல்ல ஊரில் யாரிடமும் ஒன்றும் இல்லை. அந்த டப்பாவைத்தான் அவன் கொடுத்தான்.

டெனிஸ் அவனைத் தோளில் தட்டி வராந்தா ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். ஹார்டுவேர் கடைக்காரருக்கு முகம் வெளுத்திருந்தது.

"ரஸ், நான் விக்கலப்பா. சத்தியமா. உங்கம்மா சொன்னதுக்கப்புறம் கீத் கடைக்கு வந்தா எம் பொண்டாட்டி டீ குடுத்து உக்கார வெச்சிடுவா. வெறுங்கையோடதான் அனுப்புவோம்."

"உங்க மேல யாரு சந்தேகப்பட்டாங்க?"

"உங்கம்மா வந்து கேட்டாங்களே, அவரு போன மறுநாளே. 'நீ வித்தியா'ன்னு. இல்லன்னேன். 'வேற யாருக்காச்சும் குடுத்து அனுப்பினியா'ன்னாங்க. இல்லன்னேன். 'அப்ப சரி'ன்னாங்க. கொஞ்ச நேரம் அப்பிடியே ஆணி டப்பாவைப் பாத்துட்டு நின்னாங்க. அப்புறம் போயிட்டாங்க. எனக்கு அன்னையிலருந்து தூக்கம் இல்ல ரஸ்."

ரஸ்ஸல் ஏதோ சொல்லி அவரை அனுப்பினான். என்ன சொன்னான் என்று அவனுக்கே நினைவில்லை.

உள்ளே திரும்பியபோது சிரிப்பு அடங்கியிருந்தது. பெரில் அத்தை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. கையிலிருந்த ஷெர்ரி ஒயின் கிளாஸ் காலி.

"தப்பா எடுத்துக்காத நோரீன். ஆனா கேக்காம எனக்குத் தொண்டையில எறங்காது. எல்லா டப்பாவையும் எடுத்துட்டேன், எடுத்துட்டேன்னு போன்ல சொன்னியே. ஒரு வீட்டுக்குள்ள ஒரு டப்பாவைத் தேட முடியலையா ஒன்னால? எந்தம்பி குளிர்ல, தண்ணியில கெடந்து செத்திருக்கான்."

யாரோ தட்டை மேஜையில் வைத்தார்கள். நோரீன் டீ பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றாள்.

"அத்தை," என்றான் ரஸ்ஸல். "அது அம்மா..."

"ஷெட்டுல இருந்துச்சு, பெரில்," என்றாள் நோரீன். அவனைவிடச் சத்தமாகச் சொன்னாள். "மேல் தட்டுல. பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னாடி. அங்க நான் கையை விட்டுப் பாக்கல. என் தப்புதான்."

பெரில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நோரீன் ஒரு கோப்பையை எடுத்து டீ ஊற்றினாள், பால் விட்டாள், அவள் கையில் கொடுத்தாள். பிறகு காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

ரஸ்ஸல் நின்ற இடத்திலேயே நின்றான். ஷெட்டில் பெயின்ட் டப்பா எதுவும் கிடையாது. ஈஸ்டருக்கு வந்தபோது, காய்ந்துபோன பெயின்ட்டையெல்லாம் அவன்தான் டிரெய்லரில் ஏற்றிக் குப்பைக் கிடங்கில் கொட்டிவிட்டு வந்தான். அம்மாதான் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். கடைசியில் ஈரத் துணியால் அந்தத் தட்டைத் துடைத்ததும் அவள்தான்.

அவன் போனபோது சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா, ஷெட்டுல பெயின்ட் டப்பாவே இல்லையே."

"இருந்துச்சு."

"ஈஸ்டருக்கு நாம ரெண்டு பேரும்தானே..."

"இருந்துச்சுன்னு சொல்றேன்ல."

"அம்மா, நான்தாம்மா..."

"ரஸ்."

குழாயை மூடினாள். ஈரக் கையோடு திரும்பினாள். அவ்வளவு அருகில் அவள் முகத்தை அவன் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது. தூங்காத முகம்.

"நீ ஒண்ணும் சொல்லாத. நீ சொல்லிட்டா அப்புறம் நான் அதைக் கேட்டவளாயிடுவேன். உன்னைப் பாக்கறப்பல்லாம் அதுதான் முன்னால வந்து நிக்கும். எனக்குன்னு இனிமே இருக்கறது நீ ஒருத்தன்தான். அதையும் கெடுத்துடாத."

"எல்லாரும் உன்னைத்தானே சொல்றாங்க."

"சொல்லட்டும். நான் இந்த ஊருல எத்தனையோ கேட்டாச்சு."

அவனுக்கு அழுகை வந்தது. குழந்தை மாதிரி, மூக்கு ஒழுக, சத்தமில்லாமல் அழுதான். அவள் தேற்றவில்லை. அவன் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்து, பாத்திரம் துடைக்கும் துணியை நீட்டினாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன்," என்றாள். இப்போது குரல் இறங்கியிருந்தது. "அதுக்கு மட்டும் பதில் சொல்லு. அன்னைக்கு, அது கையில இருந்தப்ப... அவரு பழையபடி இருந்தாரா?"

"இருந்தாரும்மா."

"என்னைக் கேட்டாரா?"

அன்றைக்குத் தபால் பெட்டியை முடித்துவிட்டு நிமிர்ந்த அப்பா, வீட்டைக் காட்டி அவனிடம் ரகசியம் போலச் சொன்னார். "அந்த வீட்டுல ஒரு அம்மா இருக்காங்க தம்பி. நல்லவங்கதான். ஆனா என்னை வெளிய விடமாட்டேங்கறாங்க. கதவு காட்டிக் குடுத்துடுது. ஒரு நாளைக்கு அதைக் கவனிக்கணும்." ரஸ்ஸல் அதைக் கேட்டுச் சிரித்தான். அப்பா ஜோக்கடித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டான்.

"கேட்டாரும்மா," என்றான்.

"பேரைச் சொல்லியா?"

"பேரைச் சொல்லித்தான். 'நோரீன் எங்க, நோரீன்கிட்ட இதைக் காட்டணும்'னாரு."

நோரீன் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நம்பினாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. கூடத்தில் பீனோ எதற்கோ இருமினார். அவள் திரும்பி, மீந்து வந்த சாண்ட்விச் தட்டை இழுத்து வைத்து, ஓரம் காய்ந்துபோனவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தனியாக வைக்க ஆரம்பித்தாள். ரஸ்ஸல் பக்கத்தில் போய் நின்றான். அவள் ஒதுக்க ஒதுக்க, அதை எடுத்துத் தின்றான்.