இனிஷியலோடு ஒரு திரை

கட்டிலில் அப்பா, அவர் காலடியில் தரையில் அம்மா, தையல் மெஷின் ஸ்டூலில் அத்தை, ஜன்னல் கட்டையில் அண்ணன். அவள் மட்டும் உட்காரவில்லை. அறையின் குறுக்கே கம்பி கட்டி, தான் தைத்த திரையை மாட்டிவிட்டு ஓரமாக நின்றாள்.

துணிக்கடையில் வேலை பார்த்தபோது, உடை மாற்றும் அறையின் திரைக்குப் பின்னால்தான் முதலாளி அவளைப் பலாத்காரம் செய்தான். வழக்கு நடந்து அவன் ஜெயிலுக்குப் போன பிறகும், இந்த வீட்டு ஜன்னல் எதற்கும் திரை போட அவள் விட்டதில்லை. அப்படிப்பட்டவள் ஒரு நாள் தானாகவே வெட்டுத்துணிகளை அள்ளிவந்து மெஷினில் உட்கார்ந்தாள். தைத்தாள், பிரித்தாள், அழுதாள், மறுபடி தைத்தாள். இப்போது கைவேலைக் கண்காட்சிக்காரர்கள் அந்தத் திரையைக் கேட்டிருக்கிறார்கள். கீழே என்ன பெயர் போடுவது என்றும் கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

வெளிப்பக்கம் வெறும் சாம்பல் நிறம். தையல்காரி அத்தைக்குப் பொறுக்கவில்லை. "கண்ணு எங்கடி போச்சு? நல்ல பக்கத்தை உள்ள வச்சு மாட்டியிருக்கே!" என்று திருப்ப எழுந்தாள்.

"தொடாதீங்க அத்தை. அப்படித்தான். பார்க்கணும்னா விலக்கிட்டு உள்ள போகணும்."

அத்தை போனாள். உள்ளே ஒரு பெண்ணின் திறந்த வாய். அன்று தொண்டையிலேயே நின்றுபோன கூச்சல், சிவப்பும் மஞ்சளுமாகத் துணி முழுக்கப் பரவித் தரைவரை தொங்கியது. வெளியே வந்த அத்தை மூக்கை உறிஞ்சினாள். "ஒரு கடை நூலையே காலி பண்ணிட்டியேடி!"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள்.

"பேரு வேணாம்மா," என்றான் அண்ணன் அவளிடம். "ஒரு பெண்ணுன்னு போட்டாப் போதும். நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

"பேசட்டும்ண்ணா. தப்பு பண்ணவனே பேரோட கோர்ட்ல நின்னான். நான் எதுக்குப் பேரில்லாம நிக்கணும்? வேணும்னா இனிஷியலை விட்டுடுறேன். அப்பா பேரை இழுக்கலை."

எல்லோர் கண்ணும் கட்டிலுக்குப் போனது. கோர்ட்டுக்குத் துணையாக வந்தாரே தவிர, அதைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை பேசியதில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இவ்வளவு நல்ல வேலை செஞ்சிட்டு, என் இனிஷியலை மட்டும் முழுங்கப் பார்க்கிறியா? போடும்மா. பெருசாவே போடு."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மெஷின் பலகையிலேயே காகிதத்தை வைத்து, இனிஷியலோடு பெயரை எழுதினாள். அண்ணன் ஜன்னல் கட்டையை விட்டு இறங்கினான். பக்கத்தில் வந்து, பசை டப்பாவைத் திறந்து நீட்டினான்.

உறையை ஒட்டி, ஐந்து பேருமாகத் தெருமுனைக்கு நடந்தார்கள். அவள் கடிதத்தைத் தபால்பெட்டிக்குள் தள்ள, அத்தை பெட்டியில் காதை வைத்தாள்.

"விழுந்துருச்சுடி!"