பக்கத்து வீட்டு வைஃபை

செல்போனில் சித்தப்பாவின் முகம் மறுபடியும் உறைந்து நின்றது. வாய் பாதி திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கடல் கடந்து இருக்கும் மனிதர், அண்ணன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று காலையிலிருந்து கெஞ்சிக்கொண்டிருந்தார். முன்னறையில் அப்பா ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். எடுத்துப்போக வண்டி வந்துவிட்டது. அந்த வீட்டில் சிக்னல் என்றைக்குமே நொண்டிதான்.

“வண்டிக்காரர் அவசரப்படுறாரு,” என்றாள் அத்தை. பிறகு, மூலையில் உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தாள். “நீதான் கில்லாடியாச்சே. பக்கத்து வீட்டு வைஃபையப் பிடிச்சுக் குடேன். சின்ன வயசுல செஞ்சதுதானே.”

அவன் அக்காவுக்குச் சுருக்கென்றது. அவனுக்குக் கில்லாடி என்று பேர் வைத்ததே அப்பாதான். பள்ளிக்கூடம் போகிற வயதில், பக்கத்து வீட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் வைஃபை பாஸ்வேர்டை அவன் கண்டுபிடித்துக் காட்டியபோது அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. லிஃப்ட் மெக்கானிக்கான அவர், வேலைக்குப் போன கட்டிடத்திலெல்லாம் மகன் புகழ் பாடினார். “கேட்டே வாங்கிக்கலாமேப்பா,” என்று அக்கா ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். “கேட்டா குடுப்பாரா அந்த ஆளு?” என்று சிரித்தார். அவளும் வாயை மூடிக்கொண்டு, அதே வைஃபையில் படம் படமாகப் பார்த்துத் தள்ளினாள்.

அன்றைக்கே அவன் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அந்தக் கதவுக்கு முன்னால் நிறுத்தியிருக்க வேண்டும். யாரும் செய்யவில்லை. வளர்ந்தவன், முன்பின் தெரியாதவர்களின் வங்கிக் கணக்குகளில் கைவைத்தான். பிடிபட்டபோது அக்காவிடம் அவன் சொன்னது ஒன்றுதான்: “யார் மூஞ்சியையும் நான் பாத்ததே இல்லக்கா.” விசாரணையில் வைஃபை கதையும் வெளியே வர, கடைக்காரர் இந்த வீட்டுப் பக்கம் திரும்புவதை நிறுத்திவிட்டார். இன்றும் வரவில்லை. அப்பாவோ, ஜாமீனில் வந்த மகனோடு ஒரு வார்த்தை பேசாமலே போய்ச் சேர்ந்தார்.

அத்தை செல்போனை அவன் கையில் திணித்தாள். இந்த ஒரு தடவை செய்துவிடட்டுமே என்று அக்காவுக்கும் ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்காக வெட்கப்பட்டாள். “வேண்டாம்டா,” என்றாள்.

அவன் எழுந்து வெளியே போனான். அக்காவும் பின்னால் போனாள். பக்கத்து வீட்டு மணியை அழுத்திவிட்டு, தலை குனிந்து நின்றான். கதவு திறந்தது.

“அங்கிள், அப்பாவ சித்தப்பாவுக்குக் காட்டணும். உங்க வைஃபை... அப்ப கேக்காம எடுத்தது தப்புதான்.”

கடைக்காரர் அவனையே பார்த்தார். “அன்னைக்கு வந்து கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேனே, தம்பி,” என்றார். கதவைச் சாத்திவிட்டு அவர்களோடு நடந்தார்.

பெட்டியருகே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு செல்போனை வாங்கி, பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டத் தொடங்கினார். தம்பி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

சித்தப்பாவின் அழுகை அறை முழுக்கக் கேட்டது. அக்கா செல்போனை வாங்கி அப்பாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். தம்பி இன்னும் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.