முப்பது பேரும் தூங்காதவர்கள்

பல்கலைக்கழக நூலகத்தின் மாடியறையில், ஆய்வு மாணவர்களுக்குக் கேள்விப் படிவம் சரிபார்த்துக் கொடுப்பவளுக்குக் 'கேள்வியக்கா' என்றுதான் பேர். யார் கொண்டுவந்த கேள்வியானாலும் குடைந்தெடுக்காமல் விடமாட்டாள். அன்று காலை அவளே ஒரு படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிரே ஆய்வு மாணவி ஒருத்தி, பஸ் டிரைவரின் மகள். டிரைவர்களின் தூக்கக் குறைவுதான் அவளுடைய ஆய்வு. முன்னோட்டமாக முப்பது பேரிடம் படிவம் கொடுத்திருந்தாள். "வண்டி ஓட்டும்போது கண் அசந்ததுண்டா?" என்ற கேள்விக்கு முப்பது பேரும் "ஒருபோதும் இல்லை" என்று டிக் அடித்திருந்தார்கள்.

"எல்லாரும் ஒரே பதில் சொன்னா அந்தக் கேள்வியே வீண்னு கைடு சொல்லிட்டாருக்கா. அஞ்சு மணிக்குள்ள சரி பண்ணலைன்னா அந்தக் கேள்வியையே எடுத்துடுவாராம். இது போனா என் ஆய்வு வெறும் சக்கைக்கா!"

மகள் வீட்டில் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டைக் கொண்டுவந்த அப்பா, படிவத்தை எட்டிப் பார்த்தார். அன்று அவருக்கு லீவு. முப்பது பேரில் அவரும் ஒருவர்.

"மேல பேட்ஜ் நம்பரை எழுத வெச்சிட்டு, கீழ தூங்குனியான்னு கேட்டா எவன்மா ஆமான்னு எழுதுவான்? வேலை போயிடாதா?"

கேள்வியக்காவுக்குச் சுரீரென்றது. அந்த வரியைச் சேர்க்கச் சொன்னதே அவள்தான். இரண்டாம் சுற்றில் யார் தாள் எது என்று பொருத்திப் பார்க்க வசதியாம்! தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். மறுநிமிடம் துள்ளி எழுந்தாள். கேள்வியில் கோளாறே இல்லையே!

நம்பர் வரி பறந்தது. அச்செடுத்த சூட்டோடு மூவரும் டிப்போவுக்கு ஓடினார்கள். ஷிஃப்ட் மாறும் நேரம். முப்பது தாளுக்கும் அப்பாவே ஆள் பிடித்தார். எழுதி, மடித்து, மூடிய அட்டைப்பெட்டியின் கீறலுக்குள் போட வேண்டியது, அவ்வளவுதான். அவரும் ஒன்று எழுதிப் போட்டார்.

நாலு மணிக்கு மாடியறையில் பெட்டியைக் கவிழ்த்தார்கள்.

"எப்போதாவது... அடிக்கடி... ஒருபோதும் இல்லை... எப்போதாவது!" மகள் வாசிக்க வாசிக்க அக்கா கோடு போட்டாள். முப்பதில் பத்தொன்பது பேருக்குக் கண் அசந்திருந்தது! இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்த குதியில் கீழேயிருந்து யாரோ அதட்டினார்கள்.

"ஓடு, ஓடு, கைடு கிளம்பிடப் போறாரு!"

வாசலில் அப்பா நின்றிருந்தார். "என் தாள் எதுன்னு தெரிஞ்சுதாம்மா?"

"தெரியவே தெரியாதுப்பா. அதுக்குத்தானே இவ்வளவு பாடு!"

அப்பாடா என்று சிரிப்பார் என்றுதான் கேள்வியக்கா நினைத்தாள். அவரோ மகளின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அப்ப நானே சொல்லிடறேன்மா. அடிக்கடி."