வெயில் பட்ட கேசட்

அவன் விற்கும் ஒவ்வொரு கேசட் பெட்டிக்குள்ளும் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். நான்கு வரி. கடைசி வரி தடித்த எழுத்தில்: "சிப்பின் மேல் ஒட்டியிருக்கும் கறுப்பு டேப்பை எந்தக் காரணத்துக்காகவும் பிரிக்காதீர்கள். வெயில் பட்டால் உள்ளே இருப்பது அழிந்துபோகும்."

அதை அச்சடிப்பவன் அவன். மடித்து வைப்பவனும் அவன். ஊருக்கு உபதேசம் செய்பவன் வீட்டில் நடப்பது எப்போதும் வேறு கதைதான்.

பழைய வீடியோ கேம் பெட்டிகளுக்குப் புதிதாக கேசட் செய்வது அவன் தொழில். அந்தப் பெட்டிகள் கடைகளிலிருந்து மறைந்து முப்பது வருஷம் ஆகிறது. ஆனாலும் அவற்றை வைத்து ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவற்றுக்கென்று புதிதாக ஆட்டம் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். எழுதியதை அனுப்பினால் சிப்பில் ஏற்றி, போர்டில் சாலிடர் வைத்து, பிளாஸ்டிக் கூட்டில் அடக்கி, மேலே படம் ஒட்டிக் கொடுப்பான். சிப்பும் பழைய வகைதான். அதன் முதுகில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். எழுதியதை அழிக்க வேண்டுமென்றால் அதன் வழியே புற ஊதா விளக்கைக் காட்ட வேண்டும். இருபது நிமிஷத்தில் துடைத்துவிட்ட சிலேட் மாதிரி ஆகிவிடும். வெயிலும் அதே வேலையைச் செய்யும், நிதானமாக.

டேப் ஒட்டாத கேசட் ஒன்று அவன் வீட்டில் இருந்தது. அவன் மனைவி எழுதியது.

அவள் அப்பா பஸ் ஓட்டியவர். ஒரே தடத்தில் முப்பத்தோரு வருஷம். அந்தத் தடத்தைத்தான் அவள் ஆட்டமாக எழுதினாள். பன்னிரண்டு நிறுத்தம். ஓட்டுநரின் உருவம் சுண்டுவிரல் நுனி அளவு. அதில் மீசைக்கு மட்டும் எட்டுப் புள்ளி ஒதுக்கியிருந்தாள். "முடிச்சதும் காட்டுறேன்ப்பா" என்று ஒன்றரை வருஷம் அவருக்குப் போக்குக் காட்டினாள். ஒரே சிப்பைத் திரும்பத் திரும்ப அழித்து எழுதுவது அவள் வழக்கம். அதனால் பழைய பிரதி என்று எதுவும் மிஞ்சாது. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், "முடிஞ்சது" என்று கடைசியாக ஏற்றி வைத்தாள். மறுநாள் ஆஸ்பத்திரி. அங்கே ஒன்பது நாள்.

அவள் இறந்த நான்காவது வாரம், ஆபீஸிலிருந்து இருவர் வந்து லேப்டாப்பைக் கேட்டார்கள். ஆபீஸ் லேப்டாப். மரியாதையாகத்தான் கேட்டார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். ஆட்டம் அதில்தான் இருக்கிறது என்பது அடுத்த வாரம்தான் உறைத்தது. போன் செய்தபோது, எல்லாவற்றையும் துடைத்து வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார்கள். போகட்டும், கேசட் இருக்கிறதே என்று இருந்துவிட்டான்.

கேசட்டின் மேல் ஒட்டும் படத்தை அவள் வரைந்து வைக்கவில்லை. வேறு படம் ஒட்ட அவனுக்குக் கை வரவில்லை. அவள் போன சில நாளிலேயே அதை ஒளி ஊடுருவும் கூட்டில் போட்டு ஜன்னலோர அலமாரியில் வைத்திருந்தான். காலை வெயில் சாய்ந்து விழும்போது சிப்பின் ஜன்னலுக்குள் நகக்கண் அளவு வெள்ளித் துண்டு ஒன்று மின்னும். அவள் எழுதியது மொத்தமும் அதில் இருக்கிறது. பல் தேய்த்துக்கொண்டே அதைப் பார்ப்பான். பதினொரு மாதமாக தினமும் பார்த்தான்.

டேப் ஒட்ட வேண்டும் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஒட்டினால் மின்னாது. கேம் பெட்டியில் போட்டு ஆடவும் இல்லை. ஆடினால் முடிந்துவிடும்.

ஒரு வியாழக்கிழமை காலை மாமனார் போன் செய்தார்.

"மாப்பிள்ளை, ஞாயித்துக்கிழமை வரேன். எனக்காக எதுவும் சமைக்க வேண்டாம். உங்க சமையலை ஏற்கெனவே சாப்பிட்டிருக்கேன்."

"வாங்க மாமா. என்ன விசேஷம்?"

"என்னை வச்சு அவ ஒரு பஸ் செஞ்சாளே, அதைப் பாக்கணும். வருஷம் திரும்பறதுக்குள்ள பாத்துடணும்னு தோணுது."

"ஆறு மணி நேரம் உக்காந்து வரணும் மாமா."

"முப்பத்தோரு வருஷம் ஊரையே உக்கார வச்சு ஓட்டினேன். ஒரு நாள் நான் உக்காந்து வந்தா தேஞ்சு போயிடமாட்டேன். இருக்குல்ல, அந்த பஸ்ஸு?"

"இருக்கு மாமா."

போனை வைத்ததும் கேசட்டை எடுத்துப் பெட்டியில் சொருகினான். டிவியில் பச்சையும் சாம்பலும் கலந்த கட்டங்கள் வந்தன. அணைத்து மறுபடி போட்டான். ஒரு சாலை வந்தது, அரை பஸ் வந்தது, பிறகு கட்டங்கள். கேசட்டின் பித்தளைப் பற்களை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தான். சாலிடரை ஒவ்வொரு புள்ளியாக லென்ஸில் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. அதன் பிறகுதான் அலமாரியைத் திரும்பிப் பார்த்தான். கேசட் இருந்த இடத்தில் மரம் சற்றுக் கறுப்பாக இருந்தது. சுற்றிலும் வெளுத்திருந்தது.

சிப் விற்பவரை அழைத்தான். அவனைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவர் வாயில் நல்ல வார்த்தை வருவதற்குள் பொழுது விடிந்துவிடும் என்று தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

"டேப் ஒட்டலையா?" என்றார்.

"இல்லண்ணே."

"எத்தனை நாளா?"

"பதினோரு மாசம். ஜன்னல் பக்கத்துல."

"கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு கேள்விப்பட்டிருக்கேன். நீ சூரிய நமஸ்காரம் பண்ணியே கண்ணைக் கெடுத்திருக்கியேடா. யாரோட கேசட்டு?"

அவன் சொன்னான்.

"தம்பி, இதைக் கேளு," என்றார் பிறகு, வேறு குரலில். "முதல்ல இருட்டுல வை. சிப்பைக் கழட்டி ரீடர்ல போடு. அஞ்சு வோல்ட்ல படிக்காத. நாலரை, நாலுன்னு வோல்ட்டைக் குறைச்சுக்கிட்டே வா. குறைச்சா, மங்கிப்போனது கொஞ்சம் திரும்பித் தெரியும். ஒவ்வொரு தடவையும் படிச்சதைத் தனித்தனியா வச்சுக்கோ. சிப்புல எல்லாமே ஒண்ணு, பூஜ்யம்னுதான் எழுதியிருக்கும். அழிஞ்சது ஒண்ணுன்னுதான் மாறும், பூஜ்யமா மாறாது. அதனால ஒரே ஒரு தடவை பூஜ்யம் தெரிஞ்சாலும் அது அவ எழுதினது. நம்பி எடுத்துக்கலாம்."

"ஒண்ணுன்னு தெரிஞ்சா?"

"அவளாவும் இருக்கலாம். வெயிலாவும் இருக்கலாம். அதுக்கு என்கிட்ட வழி இல்லப்பா."

வெள்ளியும் சனியும் அவன் படித்தான். நாலு வோல்ட். மூணே முக்கால். இறக்க இறக்க இன்னும் கொஞ்சம் தெரிந்தது. மூன்றரைக்குக் கீழே சிப் வாயே திறக்கவில்லை. நாற்பத்தேழு முறை படித்து, பூஜ்யங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தான். சேர்த்ததைப் புதுச் சிப்பில் ஏற்றி, அதன் முதுகில் இரண்டு சுற்று கறுப்பு டேப் ஒட்டினான். போட்டுப் பார்த்தபோது சாலை வந்தது. முழு பஸ் வந்தது. மீசை வந்தது. முதல் நிறுத்தம் வரை ஓட்டிவிட்டு அணைத்தான். மேற்கொண்டு பார்க்கத் துணிவில்லை.

ஞாயிறு மதியம் மாமனார் வந்தார். செருப்பைக் கழற்றினார், முகம் கழுவினார், டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு டிவி முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கையில் கொடுத்த கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கியர் எங்க?"

"கியர் இல்ல மாமா. இது முன்னால போக. இது நிறுத்த. சிவப்புப் பொத்தான் கதவு. ஒரு தடவை அமுக்கினா திறக்கும், இன்னொரு தடவை அமுக்கினா மூடும்."

"கியர் இல்லாம என்ன பஸ்ஸு," என்று முணுமுணுத்துக்கொண்டே கிளப்பினார்.

மூன்றாவது நிறுத்தத்தில் குடையோடு ஒரு சின்ன உருவம் ஏறியது. நான்காவதில் இறங்கியது. குடை இருக்கையிலேயே கிடந்தது. மாமனார் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"அவர் தையக்காரர், மாப்பிள்ளை. மழை இருக்கோ இல்லையோ குடை இருக்கும். தினம் விட்டுட்டுப் போவார், தினம் நான் எடுத்து வச்சுக் குடுப்பேன். இதை அவகிட்ட எப்பவோ சொன்னேன். சின்னப் புள்ளையா இருந்தா அப்போ."

ஆறாவதில் ஒரே மாதிரி இரண்டு பேர் ஏறி ஜன்னலோரத்துக்கு முட்டி மோதினார்கள். மாமனார் சத்தமில்லாமல் சிரித்தார். தோள் மட்டும் குலுங்கியது. திரையின் மேல் மூலையில் ஓர் எண் ஏறிக்கொண்டே வந்தது.

"அது என்ன?"

"எத்தனை நிமிஷம் லேட்டுன்னு காட்டுது."

"நான் எப்ப லேட்டாப் போனேன்?"

"அவகிட்டதான் கேக்கணும்," என்றான். வாயிலிருந்து வந்த பிறகுதான் காதில் விழுந்தது. இருவரும் திரையையே பார்த்தார்கள்.

ஒன்பதாவது நிறுத்தத்தில் கதவு திறந்தது. ஏற வேண்டியவர்கள் கட்டம் கட்டமாகச் சிதறினார்கள். பஸ் அசையவில்லை. மாமனார் ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்த்தார்.

"வண்டி நின்னு போச்சு மாப்பிள்ளை. நான் ஏதாவது தப்பா அமுக்கிட்டேனா?"

"நீங்க இல்ல மாமா. நான்தான்."

"நீங்க என்ன பண்ணினீங்க?"

"கேசட்டை வெயில்ல வச்சேன். வைக்கக்கூடாது, அழிஞ்சிடும். எனக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் சொல்றவன் நான்தான்."

"அப்புறம் ஏன் வச்சீங்க?"

"பாத்துக்கிட்டு இருக்கத்தான்."

மாமனார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். திட்டுவார் என்று அவன் எதிர்பார்த்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் திட்டவில்லை.

"அடுத்த நிறுத்தம் அவ பள்ளிக்கூடம்," என்றார். "நாலு இருபதுக்கு மணி அடிப்பாங்க. நாலு இருபத்தஞ்சுக்கு நான் அங்க இருப்பேன். பையைத் தூக்கிக்கிட்டு ஓடி வருவா. கண்டக்டர் டிக்கெட் கேட்டா, டிரைவரைக் கேளுன்னுவா. அங்க போக முடியுமா?"

"ஒரு எண்ணை மாத்தினா நேரா பத்துல ஆரம்பிக்கலாம். ஆனா அங்க என்ன மிச்சமிருக்குன்னு தெரியல."

"நீங்க பாக்கலையா?"

"இல்ல மாமா."

மாமனார் அவனை ஒரு முறை பார்த்தார். "போய் மாத்துங்க," என்றார்.

மாற்றினான். அவள் எழுதியதில் அவன் கை வைத்தது அதுதான் முதல் தடவை. ஒன்றைப் பத்தாக்க அரை நிமிஷம் ஆனது. சிப்பில் ஏற்ற நாலு நிமிஷம்.

பத்தாவது நிறுத்தத்தில் சாலை இருந்தது. சுவர் பாதி இருந்தது. கம்பத்தடியில் ஓர் உருவம் நின்றது. அழிந்த இடமெல்லாம் ஒன்று என்றாகியிருந்தது; ஒன்று இருக்கும் இடமெல்லாம் திரையில் நிறம். உருவத்தின் உள்ளே கண், வாய் எதுவும் இல்லை. மஞ்சள் நிரம்பிக் கிடந்தது. ஓரங்கள் கரைந்திருந்தன.

"அவளா?" என்றார் மாமனார்.

"தெரியல மாமா."

"பை மாட்டியிருக்கா, பாருங்க."

முதுகுப் பக்கம் மூன்று புள்ளி துருத்திக்கொண்டிருந்தது. பையாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அவன் திரைக்கு அருகில் போய்க் குனிந்து பார்த்தான். அருகில் போனால் அது புள்ளியாகக்கூட இல்லை. திரும்பி வந்து நின்றான். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மாமனார் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். கதவு திறந்தது. உருவம் நகரவில்லை.

"ஏறமாட்டேங்கறா."

"நடக்க வைக்கிற பகுதி போயிருக்கும் மாமா. காத்திருந்தாலும் ஏற மாட்டா."

"சரி," என்றார் மாமனார். ஆனால் கதவை மூடவில்லை.

மேல் மூலையில் எண் ஓடியது. நாற்பது. அறுபது. அவன் நாற்காலியின் பின்னால் நின்றுகொண்டிருந்தான். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது. அடுத்து பூஜ்யம் பூஜ்யம் என்று வந்தது.

"நேரத்துக்கு வந்துட்டோம்னு போடுதே," என்றார் மாமனார்.

அவன் எண்ணைப் பார்த்தான். அது வெயில் செய்தது இல்லை. இரண்டே இலக்கம்தான் வைத்திருந்தாள். ஒரு நாள் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று அதைச் சுட்டிக்காட்டியிருக்கிறான், நூறு நிமிஷம் லேட்டானால் திரும்பப் பூஜ்யம் வந்துவிடும் என்று. "நூறு நிமிஷம் எவன் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு நிப்பான்?" என்றாள் அவள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"அது அவ விட்ட தப்பு மாமா," என்றான். "அது மட்டும் நிச்சயமா அவதான்."

மாமனார் தலையை ஆட்டினார். எண் மறுபடி ஒன்றிலிருந்து ஏறத் தொடங்கியது. அவர் கட்டைவிரல் பொத்தானின் மேலேயே இருந்தது, அமுக்கவில்லை. அவன் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.