கூடாரத்துக்கு நாலு கேன்

இந்த மழையில் பைக்கில் ஏலகிரி போய்க் கூடாரத்தில் தங்கப் போகிறானாம் என் தம்பி முதாசிர். வீட்டில் ஃபேன் நின்றாலே தூங்க மாட்டான்.

ஒத்திகைக்காக எங்கள் ஊரப்பாக்கம் வீட்டு மொட்டை மாடியில் கூடாரத்தை விரித்தான். அதோடு வந்த இரும்பு முளைகள் சிமெண்டுத் தரையில் இறங்கவே இல்லை. "வேஸ்ட்டு, சும்மா வெயிட்டு" என்று அவற்றைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டான். அப்புறம் கயிறுகளை இருபது லிட்டர் தண்ணி கேன் நாலில் இழுத்துக் கட்டினான். கூடாரம் அசையவில்லை.

"அக்கா, மழை மாதிரி தண்ணி அடி" என்று உள்ளே போய் ஜிப்பை இழுத்துக்கொண்டான். இருந்த கடுப்புக்கு ஹோஸ் பைப்பால் பத்து நிமிஷம் விளாசினேன்.

வெளியே வந்தவன் சட்டையில் பொட்டு ஈரமில்லை. "பாத்தியா? இனி எந்த மழை வந்தாலும் கவலையில்ல!"

பாராட்டத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் கண் கேன்கள் மேல் போய்விட்டது.

"எல்லாம் சரிடா. இந்த நாலு கேனையும் பைக்ல எங்க கட்டுவ?"

கேன்களைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். திரும்ப உள்ளே போய் ஜிப்பை இழுத்துக்கொண்டான்.