நேர் விமானம்

கூடத்தில் இருந்தவர்கள்: சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கிய அப்பா, நைட் ஷிஃப்ட் முடிந்து பல்கூடத் தேய்க்காத மகன், டீ கொண்டுவந்த மருமகள். அப்பாவின் பெட்டியையும் ஒரு ஆளாகச் சேர்க்கலாம். அவ்வளவு பெரிது.

"தண்ணி பாட்டில் குடுத்தாங்க. மூடியைத் திருகறதுக்குள்ள இறங்கச் சொல்லிட்டாங்க," என்றார் அப்பா. "நாப்பது நிமிஷம்டா. வீட்டுலேருந்து ஏர்போர்ட்டுக்கு வந்த டாக்ஸி அதைவிட லேட்டு."

மகன் டீயை ஊதினான்.

போன வருஷம் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ என்று அப்பா போன் செய்திருந்தார். நேர் விமானம் கிடையாது, ரெண்டு மாறணும், போக ஒரு நாள், வர ஒரு நாள், லீவு தர மாட்டாங்க என்றான். அவன் லீவே கேட்கவில்லை. சுருங்கிப்போன அம்மாவைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அம்மா போய்விட்டாள் என்று தெரிந்ததும் அடுத்த நேர் விமானத்திலேயே ஏறினான். இறங்கிய பிறகுதான் உறைத்தது: இவ்வளவு சீக்கிரம் வீட்டுக்குப் போனால் குட்டு உடையும். சாயங்காலம்வரை அந்த ஊர் ஏர்போர்ட் வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மனைவியும். வீட்டுக்குப் போனபோது அம்மாவை எடுத்துவிட்டிருந்தார்கள். "பாவம், ரெண்டு விமானம் மாறி வர்றான்," என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இந்த நேர் விமானம் புதுசா விட்டிருக்காங்களா?" அப்பா டம்ளரைப் பார்த்தபடி கேட்டார்.

மனைவி அவனைப் பார்த்தாள்.

"ஆமாப்பா. ரெண்டு மாசம்தான் ஆச்சு."

"அப்படியா."

"மாமா, பெட்டியை உள்ரூம்ல வைக்கட்டுமா? அலமாரி காலியாத்தான் இருக்கு."

"வேணாம்மா. காலைல கிளம்பறேன்."

"ஒரு நாளைக்கா இவ்ளோ பெரிய பெட்டி?"

"ஒரு நாள் பயணம்னு உன் புருஷன் சொல்லியிருந்தானே. அதான் கொஞ்சம் தாராளமாக் கட்டிட்டேன்."

மறுநாள் ஏர்போர்ட்டில் மகன்தான் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போய் எடை போட்டுக் கொடுத்தான். சின்ன ஏர்போர்ட். பயணிகள் உள்ளே போக ஒரே ஒரு கண்ணாடிக் கதவு.

"கொஞ்ச நாள் இருந்துட்டுப் போலாமேப்பா."

"இருக்கத்தாண்டா வந்தேன். அந்த வீட்டுல தனியா முடியல." சட்டைப்பையில் போர்டிங் பாஸைத் தேடி எடுத்தார். "தண்ணி குடுத்த பொண்ணுகிட்ட வர்றப்பவே விசாரிச்சேன். அஞ்சு வருஷமா இதே விமானத்துலதான் வேலையாம். சரி, நீயே சொல்லுவேன்னு பாத்தேன். சொல்லியிருந்தா திட்டிட்டுப் பெட்டியைப் பிரிச்சிருப்பேன்."

"அப்பா, அன்னைக்கு நான்..."

"போய்த் தூங்கு. ராத்திரி வேலை இருக்குல்ல."

"நீங்கதான் கடைசி ஆள், வாங்கய்யா," என்றார் காவலாளி. அப்பா உள்ளே போனார். காவலாளி கதவைச் சாத்தி, குனிந்து, அடிப்பூட்டில் சாவியைத் திருப்பினார்.