பதினேழாம் நம்பர் சீட்டு

கறுப்புத் துணித் தடுப்புக்குள் நீல லைட்டு எரிந்துகொண்டிருந்தது. தள்ளுவண்டியை உள்ளே இழுத்து நிறுத்திய ஐரின், நிமிர்ந்து பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். வெளியே பார்த்தால் வண்டி முழுக்க ஒரே வெள்ளை நூல் கோன்கள். இந்த வெளிச்சத்தில் பாதி பளீரென்றும், பாதி பழைய சோறு மாதிரி மங்கிப்போயும் தெரிந்தன.

"ஏ புவனா, செத்த இங்கன வா."

பக்கத்து மேசையில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த புவனேஸ்வரி, டேப்பைக் கையில் பிடித்தபடியே எட்டிப் பார்த்தாள். "ஆத்தாடி! பாதிக்கு மஞ்சக்காமாலைல்ல வந்திருக்கு."

வேடசந்தூர்ப் பக்கம் இருக்கிற நூல் மில் அது. பஞ்சு மாறினால் நூல் சுற்றுகிற அட்டைக் குழாயும் நிறம் மாற வேண்டும். பழைய பஞ்சுக்குப் பச்சை, புதுசுக்கு நீலம். நீலக் குழாய் வந்து சேரவில்லை. மிஷின் நின்றால் திட்டு விழும். முந்தின ஷிஃப்ட்காரர்கள் மிச்சமிருந்த பச்சையிலேயே புதுப் பஞ்சையும் சுற்றித் தள்ளிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். இரண்டும் நல்ல நூல்தான். தனித்தனியாகப் போனால் ஒரு குறையும் வராது. ஒரே பெட்டியில் போனால், திருப்பூரில் பனியன் துணியாகிச் சாயத்தில் விழுந்ததும் வரி வரியாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

காட்டிக்கொடுத்ததும் அங்கே முதலில் தேடுவது பெட்டி மேல் ஒட்டிய சீட்டைத்தான். அடுக்கியவளின் நம்பர் அதில் இருக்கும். பொங்கலுக்கு முன்னால் சிவனம்மாள் வெளியே போனது அப்படித்தான். கலந்து அடுக்கு என்று சொன்னவர் மேனேஜர் பழனிக்குமார். அடுக்கியவள் சிவனம்மாள். கேள்வி வந்த அன்று மேனேஜர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினாள். ஐரினின் நம்பர் பதினேழு. வீட்டில் மாமியார், படிக்கிற இரண்டு பிள்ளைகள். மில்லை விட்டால் அந்தப் பக்கம் வேறு வேலை கிடையாது.

பழனிக்குமார் வந்தார். தடுப்புக்குள் தலையை நீட்டினார். ஒரு பார்வை போதுமாயிருந்தது. பதினைந்து வருஷம் நூலோடு புழங்கியவருக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியதில்லை. கையை நீட்டி சுவிட்சை அணைத்தார்.

"லைட்டு ரிப்பேரு. வெளிய எல்லாம் ஒரே வெள்ளைதான், அப்படியே கலந்து அடுக்குங்க. லாரி நிக்குது."

"பிரிச்சு அடுக்கினா சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிரும் சார்," என்றாள் ஐரின்.

"சாயங்காலம் வரைக்கும் பார்ட்டி காத்திருப்பானா? அடுக்கும்மா."

"அடுக்குறேன். ஆனா என் சீட்டு ஒட்ட மாட்டேன்."

மேசைகளில் டேப் கிழிபடும் சத்தம் நின்றது.

"சீட்டு இல்லாம பெட்டி கேட்டைத் தாண்டாதுன்னு தெரியாதா?"

"தெரியும். உங்க பேரை எழுதி ஒட்டுங்க. சொல்றது நீங்கதான?"

"ஏம்மா, யாருகிட்டப் பேசுறோம்னு தெரிஞ்சுதான் பேசுறியா?"

"தெரிஞ்சுதான் பேசுறேன். சிவனம்மாக்கா தெரியாமப் பேசாம இருந்துச்சு."

அவர் முகம் கறுத்தது. புவனேஸ்வரி பக்கம் திரும்பினார். "நீ ஒட்டும்மா."

புவனேஸ்வரி தன் சீட்டுக் கட்டைப் பார்த்தாள். ஐரினைப் பார்த்தாள். பிறகு கட்டை எடுத்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். "எடுக்கணும்னா நீங்களே எடுத்துக்கங்க சார்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவரைக் கிளப்பிவிட்டது. ஐரின் மேசையில் கிடந்த பதினேழாம் நம்பர் சீட்டுக் கட்டைப் பறித்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே கோன்களை அள்ளிப் பெட்டியில் போட்டார், டேப் இழுத்தார், பட்டென்று சீட்டை ஒட்டினார்.

"உன் நம்பர் உன் அப்பன் வீட்டுச் சொத்தா? மில்லு குடுத்தது."

ஐரினுக்கு அழுகை வரும் போலிருந்தது. இவன் முன்னால் அழுதால் அதோடு எல்லாம் முடிந்தது. பெட்டியில் ஊர்ப் பேர் எழுதுகிற தடித்த மார்க்கரை எடுத்தாள். ஒட்டிய சீட்டுக்குக் கீழே, பெட்டியின் அகலம் முழுக்க, கொட்டை எழுத்தில் எழுதினாள்: இரண்டு பஞ்சு கலந்த நூல்.

"ஏய்! என்ன பண்ற?"

"என் நம்பரு போற எடத்துக்கு என் பேச்சும் போகட்டும்."

அவர் அடுத்த பெட்டியை ஒட்டினார். அவள் அதிலும் எழுதினாள். அவர் மார்க்கரைப் பிடுங்கி எறிந்தார். புவனேஸ்வரி தன் மார்க்கரை நீட்டினாள். கடைசி மேசையிலிருந்து ஒருத்தி தன்னுடையதையும் உருட்டிவிட்டாள். அந்த அறையில் மார்க்கருக்கா பஞ்சம்?

பெட்டி ஏற்ற வந்த லாரி டிரைவர் இஷாக், வாசலில் நின்று எழுத்துக்கூட்டி வாசித்தார். பேகம்பூர்க்காரர், வாய் சும்மா இருக்காது. "இந்தப் பாய் லோடு ஏத்தலாமா வேணாமா சார்? இதைக் கொண்டுபோய் எறக்குனா என்னையும் சேத்துல்ல சாயத்துல முக்குவாய்ங்க."

"நீ வெளிய போய்யா!"

"போறேன். ஆனா எழுதியிருக்கத அழிச்சுட்டுக் கூப்புடுங்க."

அட்டைப்பெட்டியில் மார்க்கர் அழியாது. புதுப் பெட்டிக்கு ஸ்டோருக்குப் போக வேண்டும். ஸ்டோரில் காரணம் கேட்பார்கள். பழனிக்குமார் இடுப்பில் கை வைத்தபடி மேசை மேசையாகப் பார்த்தார். ஒருத்தியும் தலை குனியவில்லை. போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார். திருப்பூர்ப் பார்ட்டியிடம் குரல் அப்படியே குழைந்துவிட்டது. "ஏனுங்க... இல்லீங்க, சின்னக் கலப்புங்க... ஆமாங்க, அனுப்பலைங்க. நானே பாத்து நிறுத்திட்டனுங்க."

"யாரு பாத்தது?" என்று புவனேஸ்வரி முணுமுணுத்தாள். ஐரின் அவள் காலை மிதித்தாள். அனுப்பாமல் நிறுத்தினால் சரி, பெருமையை அவரே வாயில் போட்டுக்கொள்ளட்டும்.

போனை வைத்துவிட்டு வந்தார். "பிரிங்க. பளிச்சுனு இருக்கறது மட்டும் இன்னைக்குப் போகட்டும்." பிறகு ஐரினிடம், மற்றவர்களுக்கும் கேட்கும்படி, "நாளையிலிருந்து உனக்கு இங்க வேலையில்ல. கழிவுப் பஞ்சு ரூமுக்குப் போ," என்றார்.

கழிவுப் பஞ்சு ரூம் என்றால் ஜன்னலில்லாத அறை. ஒரு மாதத்தில் இருமல் பிடிக்கும். இங்கிருந்து தானாக ஓட வேண்டியவர்களை அங்கேதான் போடுவார்கள். அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"போறேன் சார். வேலையை விட்டு மட்டும் போக மாட்டேன்." மேசையில் சிதறிக் கிடந்த சீட்டுகளைப் பொறுக்கிக் கட்டினாள். "ஆனா பதினேழு என்கூட வரும். இன்னொருத்தி பெட்டில அது ஒட்டிருக்கக் கண்டா, லாரி மேல ஏறி நின்னு எழுதுவேன்."

ஐரின் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு போய், நீல லைட்டைத் திரும்பப் போட்டுக் கோன்களைப் பிரிக்கத் தொடங்கினாள். ஷிஃப்ட் முடிய இன்னும் நேரம் இருந்தது.